ஒரு கிளிப்பும் பதினாறு ஞாயிறுகளும்

கண்ணா,

"வித்துடும்மா" என்று நீ ஒரே வார்த்தையில் அனுப்பிய செய்தியை ஏழு முறை படித்துவிட்டேன். ஏழு முறையும் அதே வார்த்தைதான் இருந்தது. ஹெட் கேஸ்கெட் போன பதினைந்து வருட வண்டிக்கு ஒரு என்ஜினியர் சொல்லக்கூடிய சரியான பதில் அதுதான் என்று எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த வண்டி எப்படிக் கெட்டது என்பதில் உனக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அது தெரியாமல் நீ தீர்ப்புச் சொன்னது உன் தப்பு இல்லை. தெரியவிடாமல் செய்தவள் நான். போன ஞாயிறு போனில் சொல்லத்தான் பார்த்தேன். வாயைத் திறந்தால் "முருங்கைக்காய் விலையைக் கேட்டியா" என்று வருகிறது. அதனால் எழுதுகிறேன். கல்லூரி ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த தாள் இது. இந்தத் தாளில் பார்த்ததை மட்டும்தான் எழுதவேண்டும், பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதக்கூடாது என்று முப்பது வருடமாக வேதியியல் ஆய்வகத்தில் நின்றுகொண்டு பிள்ளைகளிடம் சொல்லி வந்திருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சட்டம் எனக்கு. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். உன் பெரியம்மாவுக்கு அனுப்பாதே என்று சொன்னால் நீ கேட்பாய், ஆனால் அவளுக்கு எப்படியும் தெரிந்துவிடும். எனவே ஊருக்கே எழுதுவதாக வைத்துக்கொண்டு எழுதிவிடுகிறேன்.

உன் அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை போன் அவருடையது. நீ ஜெர்மனிக்குப் போனதிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு அடிக்கும், அவர் எடுப்பார், நாற்பது நிமிடம் இரண்டு பேரும் வண்டியைப் பற்றிப் பேசுவீர்கள். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், இடது பக்கக் கதவில் ஒரு கடகட. நான் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில், பந்தி முடிந்த பிறகு வாளியில் மிச்சமிருக்கும் பாயசத்தை நீட்டுவது போல, "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று போனை என் பக்கம் நீட்டுவார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "குளிரா?" "குளிர்தான்." "ஸ்வெட்டர் போட்டுக்க." "சரிம்மா." நம் இருவருடைய உரையாடல் இலக்கியம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். எனக்கு அதில் குறை ஒன்றும் இருக்கவில்லை. நீ பேசுவது என் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது, அது போதுமாக இருந்தது.

அப்பா இறந்த பிறகு ஆறு மாதம் நீ தினமும் கூப்பிட்டாய். பிறகு பழையபடி ஞாயிறு. அது இயல்புதான். ஆனால் இப்போது போன் முழுவதும் எனக்கே. முழுப் பாயசமும் எனக்கு, எப்படிக் குடிப்பது என்றுதான் தெரியவில்லை. சாப்பாடு, குளிர், ஸ்வெட்டர் முடிந்ததும் நீ அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவாய். நான் இந்தப் பக்கம் ஃபேனைப் பார்ப்பேன். "அப்புறம்?" என்பாய். "நீதான் சொல்லணும்" என்பேன். வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் பெரிய முள் ஒரு கோடுகூட நகர்ந்திருக்காது போலத் தோன்றும். வைத்த பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் பேசும்.

அந்த வருடம்தான் ஐம்பத்திரண்டு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்பாவின் வண்டி கீழே தூசி படிந்து நின்றது. வாங்க வந்தவன் எல்லாம் சக்கரத்தை உதைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் ஆள் என்னைப் பற்றி இன்றைக்கும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறானாம். "மேடம், கிளட்ச்ச மிதிங்க, பிரேக்க மிதிங்க, என் காலை மிதிக்காதீங்க" என்று அவன் கெஞ்சியது உண்மைதான். லைசென்ஸ் வாங்கிய மூன்றாம் வாரம் மாம்பழச்சாலையில் பஞ்சர். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சும்மா சொன்னேன். கண்ணா, நீ முப்பத்தெட்டு நிமிடம் பேசினாய். எந்த டயர், எந்தப் பக்கம், ஆணியா கண்ணாடியா, ஸ்டெப்னியில் காற்று இருந்ததா, ஜாக்கியை எங்கே வைத்தார்கள். உன் குரல் அப்பாவிடம் பேசும் குரலாக மாறிவிட்டது. வைத்த பிறகு நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் முட்டிவலிக்கு உன்னிடம் நாலு நிமிடம், வண்டியின் முட்டிவலிக்கு நாற்பது நிமிடம் என்ற கணக்கு அன்றைக்கு எனக்குப் புரிந்தது. இது உன்னைக் குத்த அல்ல. வலிக்கு நீ என்ன செய்ய முடியும், தைலம் தேய் என்பாய். டயருக்கு உன்னால் ஏதாவது செய்ய முடிந்தது. கையில் வேலை கிடைத்தால்தான் உனக்கும் அப்பாவுக்கும் வாய் திறக்கும்.

அதிலிருந்து நான் வண்டியைக் கவனிக்க ஆரம்பித்தேன், ஓட்டுவதற்கு அல்ல, உன்னிடம் சொல்வதற்கு. வாரம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவேன். வைப்பர் கீச்சிட்டால் எனக்குச் சந்தோஷம். ஒரு வாரம் ஒன்றுமே கிடைக்காமல், டிக்கியில் நானே ஒரு தேங்காயை உருளவிட்டுவிட்டு, "பின்னாடி ஏதோ உருளுற சத்தம்டா" என்றேன். நீ சஸ்பென்ஷன் வரை போய்விட்டாய். அந்தத் தேங்காயில் மறுநாள் சட்னி அரைத்தேன்.

பிறகு அந்தக் கிளிப்பு வந்தது. ஒரு காலை, வண்டிக்குக் கீழே உள்ளங்கை அளவு ஈரம். ரேடியேட்டரிலிருந்து கீழே போகும் ரப்பர் ஹோஸைப் பிடித்திருக்கும் வளையம் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஞாயிறு. உன்னிடம் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில், "கிளிப்பு லூஸ்மா, ஜமால் பாய்கிட்ட கொண்டுபோ, ஒரு திருகு திருகுனா போதும்" என்று முடித்துவிட்டாய். எனக்குத் துக்கமாகிவிட்டது. இவ்வளவு நல்ல கோளாறு, ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுவதா? நான் பாயிடம் போகவில்லை. அடுத்த ஞாயிறு, "பாய் கிளிப்ப மாத்திட்டாருடா, ஆனா தண்ணி இன்னும் குறையுது" என்றேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குக் கேட்டது. ரேடியேட்டர் மூடியாக இருக்கும் என்றாய். அடுத்த வாரம் மூடியும் மாற்றப்பட்டது, என் வாயால். அதற்கடுத்து தெர்மோஸ்டாட். பிறகு வாட்டர் பம்ப். நீ சொன்னதையெல்லாம் ஜமால் பாய் பாலக்கரையில் தன் ஷெட்டில் மளமளவென்று மாற்றிக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்கு மட்டும் அது தெரியாது. நாலு மாதமாக அவர் அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நான் தினமும் காலையில் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு கீழே போவேன், ரேடியேட்டரில் ஊற்றுவேன். மேல் வீட்டு மாமி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் கேட்டே விட்டாள். "ஏண்டிம்மா, பெருமாளுக்கே திருமஞ்சனம்னா நாள் கிழமை பார்த்துப் பண்றா. உன் வண்டிக்கு மட்டும் நித்யப்படியா?" "அதுக்கு உடம்பு சூடு மாமி" என்றேன். "சூடுன்னா டாக்டர்கிட்ட காட்டணும். தீர்த்தம் விட்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். என்ஜினைப் பற்றி மாமிக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பதினாறு வாரத்தில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

போன வாரத் திங்கட்கிழமை கேனை மறந்துவிட்டேன். முந்தின நாள் நீ நாற்பத்தைந்து நிமிடம் பேசியிருந்தாய், அந்தப் பூரிப்பில் கிளம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள். காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போனபோது முள் சிவப்பைத் தொட்டிருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். பின்னால் ஒண்ணாம் நம்பர் பஸ், பக்கத்தில் ஆட்டோக்கள், எல்லாரும் பார்ப்பார்கள் என்ற வெட்கம். பாலத்தைத் தாண்டி ஓரம் கட்டிக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். பாலம் முடிவதற்குள் வண்டி இருமியது, குலுங்கியது, பின்னால் வெள்ளை வெளேரென்று புகை. பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யக்கா, சாம்பிராணி போட்டது போதும், ஓரமா போங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு யாரைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். உனக்கு அங்கே விடிந்திருக்காது. பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தேன். கூப்பிடக்கூடிய பெயர் ஜமால் பாய் ஒன்றுதான் இருந்தது.

கயிறு கட்டி இழுத்துப்போனார். ஆறட்டும் என்று இரண்டு மணி நேரம் விட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்தார். ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாக வந்தது, சோடா உடைத்த மாதிரி. ஆயில் மூடியைத் திறந்து திருப்பிக் காட்டினார், அடியில் பால் காப்பி நிறத்தில் ஒரு பசை. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை, சோதனைக் குழாய் கழுவுகிறவள் என்று இருபது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவர் விடுவதாக இல்லை. உனக்குத் தெரிந்ததுதான், மேல் வீட்டு மாமியும் படிப்பாள் என்பதால் எழுதுகிறேன்: ஹெட் கேஸ்கெட் என்பது என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடு. எரிகிற காற்று, தண்ணீர், எண்ணெய் மூன்றையும் பக்கத்துப் பக்கத்து வழியில் ஓடவிட்டு, ஒன்றோடு ஒன்று சண்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும். நம் அபார்ட்மெண்ட் செகரட்டரி மாதிரி. சூடு தாங்காமல் அது போய்விட்டால் எல்லாம் எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்துவிடும்.

"எப்ப கழட்டுவீங்க பாய்?" என்று கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தார். "நான் தொட மாட்டேன் டீச்சர். இழுத்துட்டு வர்றது வேற, நடுரோட்டுல ஒரு பொம்பளப்புள்ள நின்னா யாரா இருந்தாலும் போவேன். ஆனா வேலைக்கு வேற ஷெட்டுப் பாருங்க." ஏன் என்றேன். அப்போதுதான் சொன்னார். "ரெண்டு வாரம் முன்ன தம்பி பேசுனாப்ல. உங்ககிட்ட சொல்லலையா?"

நீ அவரைக் கூப்பிட்டுத் திட்டியதை என்னிடம் சொல்லவில்லை. நான் பயப்படுவேன் என்று மறைத்திருப்பாய். நல்ல பிள்ளைதான் நீ. உன் பக்கத்திலிருந்து பார்த்தால் உனக்குக் கோபம் வந்தது நியாயமே. கிளிப்பு, மூடி, தெர்மோஸ்டாட், பம்ப் எல்லாம் மாற்றியும் தண்ணீர் குறைகிறது என்றால், ஒன்று வண்டியில் பேய் இருக்கவேண்டும், இல்லை மெக்கானிக் ஏமாற்றவேண்டும். என் அம்மா பொய் சொல்கிறாள் என்ற மூன்றாவது வழி உன் பட்டியலில் இல்லவே இல்லை. பாய் உன்னிடம் மறுத்துப் பேசவில்லையாம். கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாராம். நான் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். "சரி பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வருடத்துக்கு இரண்டு முறை போய், பொறாமை, கோபம், பக்கத்து வீட்டுப் பேச்சு என்று ஒரே பட்டியலை ஒப்பித்துவிட்டு வருகிறவள்தானே நான். இந்த முறை பொய் என்று ஆரம்பித்ததும் சாமி, "எத்தனை தடவை?" என்றார். "பதினாறு வாரம் சாமி, வாரத்துக்கு ரெண்டு மூணு." "யாருக்கு நஷ்டம்?" "ஒரு என்ஜினுக்கு சாமி." வலைக்கு அந்தப் பக்கம் சாமி என் பக்கமாகச் சாய்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ஆயில் காப்பி மாதிரி ஆயிருச்சா?" என்று கேட்டார். அவரிடமும் ஒரு பழைய ஜீப் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஆயிருச்சு சாமி." "தண்ணி எங்க ஒழுகுச்சு?" "கீழ் ஹோஸ் கிளிப்புல." "கிளிப்புலயா," என்று அவர் பெருமூச்சு விட்டது, நான் அதுவரை செய்த எந்தப் பாவத்துக்கும் விடாத பெருமூச்சு. அப்புறம் நானே பாயின் கதையைச் சொன்னேன். சாமியின் குரல் மாறிவிட்டது. "வண்டி கிடக்கட்டும்மா. ஒரு மனுஷன் பேரு கெட்டுப்போச்சே. அருள் நிறைந்த மரியே மூணு சொல்லுங்க, அது இங்க முடிஞ்சிரும். மீதி பாலக்கரையில போய்ச் செய்யணும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு உன்னிடம் கேஸ்கெட் என்று சொன்னதும், "அவர் சொன்னா நம்பாத, வேற ஆள்கிட்ட காட்டு" என்றாய். வைத்த சற்று நேரத்தில் அந்த ஒற்றை வார்த்தைச் செய்தியும் வந்தது. நான் யோசித்தேன். பாயின் வார்த்தையை உன்னிடம் செல்லாததாக்கியது நான். இந்தக் கடிதத்தை நீ படித்ததும் என் வார்த்தையும் செல்லாது. இரண்டு பேரும் சொல்லாமல் மூன்றாவதாக ஒன்று சொல்லவேண்டும். மறுநாள் திங்கட்கிழமை ஆய்வகத்தில் அலமாரியைத் திறந்தபோது அது கண்ணில் பட்டது: புரோமோதைமால் புளூ. கரியமிலவாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். பிள்ளைகளுக்கு உறிஞ்சுகுழல் கொடுத்து ஊதச்சொல்லி, மூச்சில் கரியமிலவாயு இருப்பதைக் காட்டுவோம். ரேடியேட்டரில் இருப்பது வெறும் தண்ணீரும் ஆவியும் என்றால் நிறம் மாறாது. எரிந்த காற்று அதற்குள் வந்திருந்தால் மாறியே தீரும். துறைத் தலைவியிடம் சொல்லிக் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். "எதுக்குங்க?" என்றார். "கார் மூச்சு விடுதான்னு பாக்கணும் மேடம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நேற்று செவ்வாய்க்கிழமை, அரை நாள் லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். பாய் வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. வண்டியை ஒரு மூலையில் தள்ளி நிறுத்தியிருந்தார். "ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க பாய்" என்றேன். ஜில்லென்று இருந்த ரேடியேட்டர் வாயில், துளையிட்ட ரப்பர் அடைப்பானையும் வளைந்த கண்ணாடிக் குழாயையும் பொருத்தினேன். பாய் ஸ்டார்ட் செய்ததும், உள்ளிருந்து வந்த காற்றை ரப்பர் உருண்டையை அமுக்கி உறிஞ்சி நீலத்துக்குள் விட்டேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். முதலில் பச்சை எட்டிப் பார்த்தது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடத்தில் எலுமிச்சம்பழச் சாறு மாதிரி மஞ்சள். "யா அல்லாஹ், இது எங்களுக்குத் தெரியாம போச்சே" என்று சொல்லிவிட்டு அவரே என் போனை வாங்கி மறுபடி ஒருமுறை செய்யச்சொல்லி வீடியோ எடுத்தார். அதுதான் இதோடு வருகிறது. பார்த்துக்கொள். அதில் பின்னால் கேட்கும் இருமல் பாயுடையது.

இரண்டாவது குழாயில் மிச்சமிருந்த நீலத்தில் நானே ஊதிப் பார்த்தேன், திரவம் சரியா என்று பார்க்கத்தான். அதுவும் மஞ்சளானது. அதைக் கையில் பிடித்தபடியே, "பாய், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"கிளிப்பு தானே?" என்றார்.

நான் குழாயைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கே பாத்துட்டேன் டீச்சர். அந்த ஸ்க்ரூவ யாரும் தொட்டதே இல்ல, கம்பெனியில வச்ச பெயிண்ட் புள்ளி அப்படியே இருக்கு. தம்பி என்னடான்னா, நான் அதை மாத்துனேன் இதை மாத்துனேன்னு வரிசையா சொல்றாப்ல."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே பாய்."

"என்னன்னு சொல்ல? உங்கம்மா பொய் சொல்லுதுன்னா? ஒரு புள்ளகிட்ட அவுக அம்மாவப் பத்தி நான் எந்த வாயால சொல்றது?" ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். அவர் உட்காரவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். தனியா இருக்கற பொம்பளய ஏமாத்துறியேன்னு கேட்டாப்ல. இந்த ஷெட்டுல முப்பது வருஷம் நிக்கிறேன், அப்படி ஒரு பேச்சை யாரும் எங்கிட்ட பேசுனதில்ல. கோவம் இல்லன்னு உங்களுக்காகச் சொன்னா அது நான் சொல்ற பொய்யாயிரும். கோவம் இருக்கு."

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன். தேங்காயைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வேலைப் பேச்சாகவே பேசினார். தலையைக் கழற்றினால்தான் தெரியும். சூட்டில் லேசாக வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமமாகச் சீவி, புதுத் தகடு வைத்து மூடலாம், இன்னும் சில வருடம் ஓடும். விரிசல் விட்டிருந்தால் அதற்குச் செலவு செய்வது வீண், அப்படியே கொடுத்துவிடலாம். "ஆனா நான் கழட்டி உள்ள விரிசல் இருந்துச்சுன்னு வைங்க, பாய்தான் உடைச்சான்னு ஆயிரும். தம்பி கூப்பிட்டு, கழட்டுங்கன்னு அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். உங்க வாயால வேணாம் டீச்சர். சனிக்கிழமை வரைக்கும் வண்டி இங்க நிக்கட்டும். அதுக்கு மேல எனக்கு இடம் வேணும்."

ஆக, விஷயம் இதுதான். நீ விற்றுவிடு என்கிறாய். நான் கழற்றிப் பார்க்கவேண்டும் என்கிறேன். அப்பாவின் ஞாபகத்துக்காக என்று நினைத்துவிடாதே, அவரே அதைத் திட்டிக்கொண்டுதான் ஓட்டினார். உன்னோடு பேச ஒரு கோளாறு வேண்டும் என்பதற்காகவும் இல்லை, அந்தக் கடையை இன்றோடு மூடிவிட்டேன். காரணம் சின்னது. வாரத்தில் ஒரு நாள் கல்லூரி விட்டதும் நான் முக்கொம்பு வரை ஓட்டிக்கொண்டு போவேன், உனக்குத் தெரியாது. இறங்கமாட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, மரத்தடியில் நிறுத்தி, கடலை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, சத்தமாகப் பேசுவேன். அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், நான் என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும் என்று. வீட்டில் பேசினால் மாமிக்குக் கேட்கும், பாவம் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பெருமாள் கோயில் தாயாரிடம் வேண்டிக்கொள்வாள். காருக்குள் பேசினால் பார்க்கிறவர்கள் போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். வாடகைக் காரில் போய் இதைச் செய்ய முடியாது கண்ணா, முன்னால் ஒரு டிரைவர் உட்கார்ந்திருப்பான். விரிசல் இருந்தால் விட்டுவிடுகிறேன், ஒரு பேச்சுப் பேசமாட்டேன். ஆனால் திறந்து பார்க்காமல் கொடுக்கமாட்டேன். எது கெட்டிருக்கிறது, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்த பிறகு விட்டுவிடுவதற்கும், பார்க்கப் பயந்துகொண்டு விட்டுவிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி இந்த ஒன்றுதான், இதையும் நான் போன வாரம்தான் கற்றுக்கொண்டேன். நாளைக்கு உனக்கு ஒரு குடும்பம் வந்து, அதில் எங்கேயாவது சொட்டுச் சொட்டாக ஒழுகினால், என்னைப் போலக் கேனைத் தூக்காதே. முதல் நாளே குனிந்து பார்.

பாயைக் கூப்பிடு. மன்னிப்புக் கேட்கிறேன் என்று பெரிதாக ஆரம்பிக்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். அம்மா எல்லாம் சொன்னாள் என்று சொல். நான் பேசியது தப்பு என்று சொல். அப்புறம் கழட்டுங்க என்று சொல். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போயிருப்பார், அந்த நேரம் வேண்டாம். என் மேல் உனக்கு வரும் கோபத்தை அவரிடம் காட்டாமல் எனக்கென்று தனியாக எடுத்துவை. எத்தனை நாள் ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இன்று காலை குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் தோன்றி, கை அப்படியே நின்றுவிட்டது. நீ வண்டி செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஒரு ஒழுகலைக் கண்டுபிடிக்க உனக்குப் பதினாறு வாரமா? வண்டிக்குக் கீழே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லையே. அதற்குப் பதிலாக, "அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேட்டாய். "என்ஜின் ஓடறப்ப போனைப் பக்கத்துல வையேன், சும்மா கேக்கறேன்" என்றாய். நான் வைத்தேன். நீ பேசாமல் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாய். பின்னால் மாமி வீட்டுக் குக்கர் விசில்கூட உனக்குக் கேட்டது, "இன்னிக்கு அவங்க வீட்டுல என்ன" என்று விசாரித்தாய். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, தெருவில் ஆள் கிடையாது என்று நீ எப்போதோ சொன்னது இப்போதுதான் என் காதில் விழுகிறது. நான்தான் உன்னை ஏமாற்றிப் பிடித்துவைத்திருக்கிறேன் என்று இத்தனை நாள் பெருமையாகவும் கூச்சமாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். போனை வைக்க மனமில்லாமல் இருந்தது நான் மட்டும்தானா, கண்ணா? நீயும் அங்கே பேச்சுக்கு ஆளில்லாமல் இருக்கிறாயா? இதைக் கேட்க எனக்கு ஒரு ஹெட் கேஸ்கெட் போகவேண்டியிருந்தது. சனிக்கிழமைக்குள் பாயிடம் பேசிவிடு. ஞாயிற்றுக்கிழமை இதற்கு எனக்குப் பதில் சொல். சட்டென்று சொல்ல வராது, எனக்குத் தெரியும். வரும்வரை நான் வைக்கமாட்டேன்.

அம்மா